25 அடி வண்டி, 21 இரவுகள்: அமெரிக்க மேற்கின் தேசியப் பூங்காக்களுக்கு ஒரு ஆர்.வி. பயணத் திட்டம்

படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டியான ஆர்.வி. எடுத்துக்கொண்டு யெல்லோஸ்டோன் போகப்போகிறோம் என்று யாராவது சொன்னால், "எத்தனை அடி வண்டி?" என்றுதான் முதலில் கேட்பேன். அநேகமாகப் பதில் வராது. பூங்காக்களின் பட்டியல் தயாராக இருக்கும், வாட்ஸ்அப் குழுகூட ஆரம்பித்திருப்பார்கள், ஆனால் வண்டியின் நீளத்தை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். எந்த மலைப்பாதையில் போகலாம், எந்த முகாமில் இடம் கிடைக்கும், எங்கே நிறுத்தலாம், எவ்வளவு பெட்ரோல் குடிக்கும் என்று எல்லாமே அந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நகரும். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நீளம் முதலில், பூங்கா அப்புறம்

வாடகைக்குக் கிடைப்பவை மூன்று வகை. பேருந்து மாதிரி தட்டையான முகம் கொண்டது கிளாஸ் ஏ. வேனையே வீடாக மாற்றியது கிளாஸ் பி. ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கை துருத்திக்கொண்டு நிற்பது கிளாஸ் சி. குடும்பத்தோடு போகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிளாஸ் சி-தான் சரி. அதிலும் 22 அடியிலிருந்து 32 அடிவரை வருகிறது. 25 அடியைத் தாண்டாதீர்கள் என்பது என் கருத்து.

காரணம் இருக்கிறது. மொன்டானாவின் கிளேசியர் பூங்காவில் 1933-இல் திறந்த 'கோயிங் டு தி சன்' மலைச்சாலையின் நடுப்பகுதியில், 21 அடிக்கு மேல் நீளமோ, கண்ணாடிகளையும் சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிக்கு அனுமதியில்லை. கலிஃபோர்னியாவின் செக்கோயாவில், மலையடிவாரத்திலிருந்து ராட்சத மரங்கள் இருக்கும் காட்டுக்கு ஏறும் சாலையில் 22 அடிக்கு மேற்பட்ட வண்டியைக் கொண்டுவர வேண்டாம் என்கிறார்கள். அந்த வளைவுகளில் பெரிய வண்டியின் பின்புறம் எதிர்த் தடத்துக்குள் போய்விடும். ஆக, இந்த இரண்டு பூங்காக்களையும் ஆர்.வி. பயணத்தில் சேர்க்காதீர்கள். காரில் வேறொரு சமயம் போய்க்கொள்ளலாம்.

ஸயான் பூங்காவின் கதை தனி. 1930-இல் மலையைக் குடைந்து போட்ட 1.1 மைல் சுரங்கப்பாதை அங்கே இருக்கிறது. முன்பெல்லாம் கட்டணம் கட்டினால், எதிர்ப்பக்கப் போக்குவரத்தை நிறுத்தி, பெரிய வண்டியை நடு ரோட்டில் ஓட்டிப் போக விடுவார்கள். 2026 ஜூனிலிருந்து அதுவும் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். உயரம் 11 அடி 4 அங்குலத்தையோ, அகலம் 7 அடி 10 அங்குலத்தையோ, நீளம் 35 அடி 9 அங்குலத்தையோ தாண்டினால் அந்தச் சாலையே கிடையாது. நீளத்தில் தப்பித்துவிடலாம், ஆனால் சாதாரண கிளாஸ் சி வண்டி உயரத்திலும் அகலத்திலும் மாட்டிக்கொள்ளும். போனில் இருக்கும் வரைபடச் செயலிக்கு உங்கள் வண்டியின் உயரம் தெரியாது. கூசாமல் சுரங்கத்துக்குள் வழி காட்டும்.

'ஆறு பேர் தூங்கலாம்' என்று விளம்பரம் போட்டிருந்தால் மூன்று பெரியவர்கள், இரண்டு குழந்தைகள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு மேசையைப் படுக்கையாக மாற்றலாம் என்பது உண்மைதான். ஆனால் தினமும் இரவு மாற்றி, காலையில் திரும்ப மாற்றுவது யார்? அப்பா அம்மா கூட வந்தால் பின்னால் இருக்கும் படுக்கையை அவர்களுக்குக் கொடுங்கள். ஓட்டுநர் தலைக்கு மேல் இருக்கும் படுக்கைக்கு ஏணியில் ஏற வேண்டும். நடுராத்திரி பாத்ரூம் போக அதில் இறங்குவது அறுபது வயதுக்கு மேல் வேண்டாத வீரம்.

வழியும் மாதமும்

நான் சொல்லும் சுற்று லாஸ் வேகஸில் தொடங்கி அங்கேயே முடியும். யூட்டா மாநிலத்தில் ஸயான், ப்ரைஸ் கேன்யன், கேபிடல் ரீஃப், மோவாப் (ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் பூங்காக்களுக்குப் பக்கத்து ஊர்), அப்புறம் வடக்கே கிராண்ட் டீட்டன், யெல்லோஸ்டோன், பிறகு சால்ட் லேக் சிட்டி வழியாகத் திரும்பல். முதல் இரவு வேகஸ் பக்கத்தில் 1, ஸயான் 3, ப்ரைஸ் 2, கேபிடல் ரீஃப் 2, மோவாப் 3, வடக்கே போகும் வழியில் 1, டீட்டன் 3, யெல்லோஸ்டோன் 4, திரும்பும் வழியில் 2. மொத்தம் 21 இரவுகள். சில்லறைச் சுற்றல்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 2,300 மைல்.

"கிராண்ட் கேன்யன் இல்லையா?" என்று கேட்பீர்கள். இல்லை. இந்தச் சுற்றில் அதைச் செருகினால் தெற்கே இறங்கித் திரும்ப ஏற வேண்டும், யெல்லோஸ்டோனில் இரண்டு நாள் குறையும். வேகஸிலிருந்து காரில் ஒரு நீண்ட வார இறுதியில் போய்விட்டு வரலாம். ஆர்.வி. வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போது அதற்கு நாள் செலவழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஜூனில் போனால் தெற்கை முதலில் முடித்துவிட்டு வடக்கே ஏறுங்கள். மாதக் கடைசிக்குள் யூட்டா பாலைவனம் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டுவிடும், யெல்லோஸ்டோனில் அப்போதுதான் பனி உருகி முடிந்திருக்கும். செப்டம்பர் என்றால் அப்படியே தலைகீழ்: வடக்கை முதலில் பார்த்துவிட்டு, குளிர் துரத்தத் தெற்கே இறங்க வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இல்லாதவர்களுக்குச் செப்டம்பர்தான் பொற்காலம். ஜூலை, ஆகஸ்டில் யூட்டாவில் மதிய நேர இடிமழையும், குறுகிய பள்ளத்தாக்குகளில் திடீர் வெள்ளமும் வரும். ஸயானில் ஆற்றுக்குள்ளேயே நடந்து போகும் 'நேரோஸ்' பாதைக்கு ஆசைப்பட்டால், அன்று காலை வெள்ள அபாய அறிவிப்பைப் பார்க்காமல் காலை நனைக்காதீர்கள்.

ஒருநாள் ஓட்டத்துக்கு ஆர்.வி.க்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, மதியம் 3 மணிக்குள் போய்ச் சேர், ஓரிடத்தில் 3 நாள் இரு. எல்லா நாளும் இது நடக்காது. மோவாபிலிருந்து டீட்டன் இந்த 300 மைலை வெகுவாகத் தாண்டும் என்பதால்தான் நடுவில் ஒரு இரவு வைத்திருக்கிறேன். ஆனால் 3 மணிக் கணக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். இருட்டில் முன்பின் தெரியாத முகாமில் 25 அடி வண்டியைப் பின்பக்கமாக விடுவது, திருமணமான தம்பதிகள் செய்யக் கூடாத காரியங்களில் ஒன்று.

இடம் பிடிப்பது

யெல்லோஸ்டோனிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள். அங்கே மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு மூன்றும் உள்ள ஒரே முகாம் ஃபிஷிங் பிரிட்ஜ். கரடி நடமாட்டம் உள்ள இடம் என்பதால் கெட்டியான சுவர் கொண்ட வண்டிகளுக்கு மட்டும்தான் அனுமதி, கூடாரம் கிடையாது. இது அரசின் முகாம் முன்பதிவுத் தளமான ரெக்ரியேஷன் டாட் கவ்-இல் வராது. யெல்லோஸ்டோனின் பெரிய முகாம்களை நடத்தும் விடுதி நிறுவனத்தின் தளத்தில்தான் பதிய வேண்டும், அதுவும் ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே திறந்துவிடுகிறார்கள். அங்கே எந்த நாலு இரவு கிடைக்கிறதோ, அதை வைத்து மற்ற தேதிகளைக் கோர்த்துக்கொள்ளுங்கள்.

ஸயானின் வாட்ச்மேன், கேபிடல் ரீஃபின் ஃப்ரூட்டா போன்றவை ரெக்ரியேஷன் டாட் கவ்-இல் ஆறு மாதம் முன்பு திறக்கும். ஜூன் 6 இரவு வேண்டுமென்றால் டிசம்பர் 6 காலை, பசிபிக் நேரம் 7 மணி. நம் ஊரில் தட்கல் டிக்கெட் போட்ட அனுபவம் உள்ளவர்களுக்கு இது புதிதல்ல. முன்கூட்டியே உள்நுழைந்து, வண்டி நீளத்தைப் பதிவுசெய்து, மூன்று நான்கு இட எண்களைக் குறித்துவைத்துக்கொண்டு உட்காருங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் 'அதிகபட்ச வண்டி நீளம்' போட்டிருப்பார்கள். 25 அடி எடுங்கள் என்று நான் நச்சரிப்பதன் பலன் இங்கே தெரியும். 30 அடி என்று போட்டதும் பட்டியலில் பல இடங்கள் காணாமல் போய்விடும்.

கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு நிறையப் பேர் ரத்து செய்வார்கள். எங்களுக்கு வாட்ச்மேனில் மின்சார இணைப்புள்ள இடம் கிடைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி பல் தேய்த்துக்கொண்டே போனைத் தட்டியபோதுதான்.

பூங்காவுக்குள் இருக்கும் முகாம்களில் பெரும்பாலானவற்றில் மின் இணைப்பு இல்லை. எங்கே அது அவசியம் என்று யோசித்து வையுங்கள். மோவாபில் ஜூன் வெயிலுக்கு ஏ.சி. இல்லாமல் முடியாது, ஊருக்குள் தனியார் முகாமில் தங்குங்கள். ப்ரைஸ் எட்டாயிரம் அடி உயரம், ஏ.சி. தேவையே இல்லை, இணைப்பில்லாத பூங்கா முகாமே போதும்.

நுழைவுக்கு வருட அட்டை வாங்கிவிடுங்கள். அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர். 2026 முதல் வெளிநாட்டவர்களுக்கு அந்த அட்டை 250 டாலர், அட்டை இல்லாவிட்டால் யெல்லோஸ்டோன், டீட்டன், ஸயான், ப்ரைஸ் உள்ளிட்ட 11 பூங்காக்களில் ஆளுக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம். ஊரிலிருந்து விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

செலவு

ஹோட்டலை விட மலிவு என்று நினைத்து ஆர்.வி. எடுப்பவர்களின் ஆசையைக் கெடுக்க வேண்டியிருக்கிறது. கோடையில் ஒரு இரவு வாடகை 150 முதல் 300 டாலர்வரை போகும். ஓடும் தூரத்துக்கும் வாடகை உண்டு, மைலுக்கு 40 சென்ட் என்று வைத்தால் 2,300 மைலுக்கு 920 டாலர் தனி. கேலனுக்கு 9 மைல் கிடைத்தால் 255 கேலன், கேலன் 4 டாலர் என்றால் ஆயிரத்துச் சொச்சம். முகாம் கட்டணம் பூங்காவுக்குள் பல இடங்களில் 20, 40 என்று இருக்கும், இணைப்புள்ள தனியார் இடம் 60-இல் தொடங்கி நூறைத் தாண்டும். போதாததற்குப் பாத்திரப் பெட்டி, போர்வைப் பெட்டி, ஜெனரேட்டர் மணிக்கணக்கு என்று வாடகை ரசீதில் வால் நீளும். பாத்திரத்தையும் போர்வையையும் வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள்.

காரும் மோட்டலும் இதைவிட மலிவாகவே முடியும். ஆனால் மூன்று வாரமும் நம் சாப்பாடு, பெற்றோருக்குப் பக்கத்திலேயே பாத்ரூம், காலையில் கதவைத் திறந்தால் மலை. இதற்குத்தான் காசு.

காப்பீட்டில் ஒரு கண் வையுங்கள். கார் பாலிசியும் கிரெடிட் கார்டு காப்பும் ஆர்.வி.க்குப் பெரும்பாலும் செல்லாது. வாடகை நிறுவனம் தரும் காப்பிலும் கூரையில் படும் சேதத்தை விலக்கியிருப்பார்கள். மரக்கிளை, பெட்ரோல் பங்கின் கூரை, காபிக்கடையின் டிரைவ்-த்ரூ இந்த மூன்றும்தான் கூரையின் எதிரிகள். வண்டியின் உயரத்தை ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். '12 அடி' என்று எழுதிவைத்தும் ஒருமுறை நான் டிரைவ்-த்ரூ வரிசையில் நுழைந்து, பின்னால் நின்ற நான்கு கார்களை ரிவர்ஸ் எடுக்கவைத்திருக்கிறேன்.

வண்டியைக் கையில் வாங்கும் நாள்

அரை நாள் ஒதுக்குங்கள். எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள்: கூரை, டயர், வெய்யில் மறைப்பு, ஸ்டெப்னி, ஏற்கெனவே இருக்கும் கீறல்கள். தண்ணீர் பம்ப், வெந்நீர், ஹீட்டர், ஃபிரிட்ஜ், அடுப்பு எல்லாவற்றையும் அவர்கள் முன்னாலேயே ஓடவிட்டுப் பாருங்கள்.

எங்கள் முதல் பயணத்தில் வண்டியைக் கொடுத்தவர் புரொப்பேன் வாயு நிறைந்திருப்பதாகச் சொன்னார், உள்ளே இருந்த பலகையிலும் நாலு விளக்கும் எரிந்தன. ப்ரைஸில் இரண்டாம் இரவு, வெளியே 36 டிகிரி ஃபாரன்ஹீட். இரண்டு மணிக்கு ஹீட்டர் 'டிக் டிக்' என்று பற்றவைக்கப் பார்க்கிறது, மின்விசிறி சுற்றுகிறது, வருவதெல்லாம் குளிர்காற்று. டார்ச்சோடு வெளியே போய் டேங்கின் மேல் இருக்கும் முள்ளைப் பார்த்தால் பூஜ்ஜியம். அம்மா கொண்டுவந்த புடவைகள் எல்லாம் அன்று போர்வையாயின. உள்ளே எரியும் விளக்கை நம்பாமல், டேங்க் முள்ளையே பாருங்கள். புரொப்பேன்தான் அடுப்பு, ஹீட்டர், வெந்நீர், நிறைய வண்டிகளில் ஃபிரிட்ஜும்கூட.

முதல் இரவை வேகஸிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள், எல்லா இணைப்பும் உள்ள இடத்தில் வைத்திருப்பது இதற்காகத்தான். ஏதாவது கோளாறு என்றால் திரும்பிப் போய்க் கேட்கலாம். இந்திய மளிகைக்கும் வேகஸ்தான் வசதி. கறிவேப்பிலை, பச்சை மிளகாய், இட்லி மாவை அங்கேயே வாங்கிவிடுங்கள்.

ஓட்டுவது

சாதாரணக் கார் லைசென்ஸ் போதும். ஆனால் முதல் ஒரு மணி நேரம் காலி பார்க்கிங் இடத்தில் பழகுங்கள். பின் சக்கரத்துக்குப் பின்னால் பல அடி துருத்திக்கொண்டிருக்கிறது; இடப்பக்கம் திருப்பினால் வால் வலப்பக்கம் வீசும். பெட்ரோல் பங்குத் தூண்களில் தேய்ப்பவர்கள் எல்லாரும் இதை மறந்தவர்கள்தான்.

வேகம் மணிக்கு 60 மைல் போதும். முன்னால் நிறைய இடைவெளி விடுங்கள். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போகாமல், மேலேயே கியரைக் குறைத்து எஞ்சினை இழுத்துப் பிடிக்கவிடுங்கள். இறக்கத்தில் கியரைத் தானே குறைத்துப் பிடிக்கும் டோ-ஹால் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். ரப்பர் கருகும் வாசனை வந்தால் ஓரங்கட்டி அரை மணி நேரம் நிறுத்துங்கள்.

இந்தச் சுற்றில் கவனிக்க வேண்டிய இடங்கள் சில. ஸயானிலிருந்து ப்ரைஸுக்கு, சுரங்கத்தைத் தவிர்த்து ஹரிக்கேன் ஊருக்குத் திரும்பி 59-ஆம் எண் சாலையில் அரிஸோனா எல்லைக்குள் போய், ஃப்ரெடோனியா, கனாப் வழியாக 89-இல் வடக்கே ஏறுங்கள். ப்ரைஸிலிருந்து கேபிடல் ரீஃப் போகும் யூட்டா 12 அழகான சாலை, ஆனால் எஸ்கலாண்ட்டேயைத் தாண்டியதும் ஒரு முதுகெலும்பு மாதிரியான பாறை முகட்டின் மேல் போகும், இருபக்கமும் பள்ளம். அப்புறம் போல்டர் மலை 9,600 அடி. காலையில், காற்றில்லாதபோது கடந்துவிடுங்கள். மோவாபிலிருந்து டீட்டன் போகும் வழியில், வெர்னல் ஊருக்கு வடக்கே 191-ஆம் எண் சாலையில் பத்து கொண்டை ஊசி வளைவுகள் என்று பெரிய எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். கொல்லிமலையின் எழுபது வளைவுகளில் பஸ்ஸில் போனவர்களுக்குச் சிரிப்பு வரும், இருந்தாலும் வண்டியின் எடையை நினைத்து மெதுவாக ஏறுங்கள். டீட்டன் பக்கத்து ஜாக்சன் ஊரிலிருந்து ஐடஹோ மாநிலத்துக்குக் குறுக்கே போகும் டீட்டன் கணவாய் 10 சதவீதச் சரிவு. அதைத் தொடவே வேண்டாம். டீட்டனுக்குள் மூஸ்-வில்சன் சாலையிலும் ஆர்.வி.க்கு அனுமதியில்லை.

நேரமும் குழப்பும். நெவாடாவிலிருந்து யூட்டாவுக்குள் நுழைந்ததும் ஒரு மணி நேரம் போய்விடும். '3 மணிக்குள்' கணக்கில் இதையும் சேருங்கள். பூங்காக்களில் போன் சிக்னலை நம்பாதீர்கள், வரைபடங்களை வேகஸிலேயே இறக்கிவைத்துவிடுங்கள்.

ஓடும் வண்டியில் எல்லாரும் பெல்ட் போட்டு உட்கார வேண்டும். குழந்தை இருக்கையை முன்பார்த்த, பெல்ட் உள்ள சீட்டில்தான் கட்ட முடியும். எத்தனை சீட்டில் அப்படி இருக்கிறது என்று வண்டி எடுக்கும் முன்பே கேளுங்கள்.

தண்ணீர், கழிவு, கரண்ட்

மூன்று தொட்டிகள்: நல்ல தண்ணீர், குளியல்-பாத்திரக் கழிவு சேரும் கிரே, கழிவறைக் கழிவு சேரும் பிளாக். இந்த அளவு வண்டியில் ஒவ்வொன்றும் 30, 40 கேலன் மாதிரிதான் இருக்கும். ஐந்து பேர் வீட்டில் குளிப்பது போலக் குளித்தால் கிரே ஒரே நாளில் நிறைந்துவிடும். நனை, குழாயை மூடு, சோப்புப் போடு, அலசு. முகாமில் குளியலறை இருந்தால் அங்கேயே குளியுங்கள்.

கழிவை இறக்குவதுதான் எல்லாரையும் பயமுறுத்துவது. ஸயான் முகாமில் நான் முதல் தடவை செய்தபோது அப்பா பத்தடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "இதெல்லாம் நீயேவாடா செய்யணும்?" என்றார். முழங்கைவரை வரும் ரப்பர் கையுறை. குழாயின் ஒரு முனையை வண்டியில் திருகி 'க்ளிக்' என்று பூட்ட வேண்டும், மறுமுனையைத் தரையில் உள்ள துளையில் செருகி ஒரு கல்லை எடுத்து மேலே வைக்க வேண்டும். அந்தக் கல் முக்கியம், வேகத்தில் குழாய் துள்ளும். முதலில் பிளாக் வால்வைத் திறக்க வேண்டும். சத்தம் அடங்கியதும் மூடிவிட்டு, கிரேயைத் திறந்தால் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். இந்த வரிசையை மாற்றினால் குழாயைக் கழுவ ஒன்றும் மிஞ்சாது. முடிந்ததும் பிளாக் தொட்டிக்குள் இரண்டு மூன்று கேலன் தண்ணீரும் மருந்துப் பொட்டலமும். இரண்டாம் தடவை கல்லை எடுத்துக்கொடுத்தது அப்பாதான்.

இணைப்புள்ள இடத்தில் நின்றாலும் பிளாக் வால்வைத் திறந்தே வைக்காதீர்கள். திரவம் ஓடிவிடும், மிச்சம் உள்ளே கெட்டியாக நின்றுவிடும், அப்புறம் பெரிய தலைவலி. முக்கால் நிறைந்ததும் மொத்தமாக இறக்குங்கள். ஆர்.வி.க்கான கரையும் காகிதம் மட்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் தண்ணீர்தான் கேட்பார்கள், ஒரு சின்ன மக் வைத்துவிட்டால் தொட்டிக்கும் அதுவே நல்லது, ஆனால் சீக்கிரம் நிறையும். அளவு காட்டும் விளக்குகள் பொய் சொல்லும், நாளை எண்ணுவதுதான் நம்பகம். குடிதண்ணீர்க் குழாய் வெள்ளை நிறம். கழிவுக் குழாயோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள்.

கரண்ட் 30 ஆம்பியர், 120 வோல்ட், அதாவது மொத்தம் 3,600 வாட். ஏ.சி. 13 ஆம்பியர் வாங்கும். இண்டக்‌ஷன் அடுப்பு முழு வேகத்தில் 15. மோவாபில் ஏ.சி. ஓடிக்கொண்டிருக்க, மனைவி டிகாக்‌ஷனுக்கு இண்டக்‌ஷனைப் போட்டாள், நான் பால் சூடாக்க மைக்ரோவேவைத் தட்டினேன். மொத்த வீடும் இருட்டு. வெளியே கம்பத்தில் இருக்கும் பிரேக்கரையும் உள்ளே படுக்கைக்குக் கீழே இருந்ததையும் மாற்றி மாற்றிப் பார்த்து மீட்டோம். இரண்டு பெரிய சாதனம் ஒரு நேரத்தில், மூன்றாவது கிடையாது. ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸி ஓடாது. தேங்காய்ப் பொடி, சாம்பார்ப் பொடி, இஞ்சி-பூண்டு விழுது எல்லாவற்றையும் வீட்டிலேயே அரைத்து எடுத்துப்போங்கள்.

சமையல்

குக்கரை மறந்துவிட்டுப் போனவர்கள் ப்ரைஸில் அழுவார்கள். எட்டாயிரம் அடியில் தண்ணீர் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. குக்கரிலும் வழக்கத்தை விட இரண்டு விசில் அதிகம் விடுங்கள். உயரம் ஏற ஏற மூடிய பொட்டலங்கள் உப்பும். வேகஸில் வாங்கிய தயிர் டப்பாவை ப்ரைஸில் திறந்தபோது மூடி தானாகவே எழும்பியது, பாதித் தயிர் என் சட்டையில். இட்லி மாவைப் பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

தாளிப்பு வண்டிக்குள் நடக்காது. மிளகாய் வற்றல் எண்ணெயில் விழுந்த மூன்றாம் நொடி புகை எச்சரிக்கை அலறும், அதுவும் தூங்கும் குழந்தையின் தலைக்கு நேர் மேலே. இரண்டு பர்னர் கேம்ப் அடுப்பு ஒன்றை எடுத்துப்போய், முகாமின் மரமேசையில் வெளியே தாளியுங்கள். ஓட்ட நாட்களுக்குப் புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, பருப்புப் பொடி. காலையில் ஒரு குக்கர் சாதம் வைத்துக் கிளறிவிட்டால், மதியம் எந்த ஓய்விடத்திலும் கடை தேட வேண்டாம். பாத்திரத்தைக் கழுவும் முன் காகிதத்தால் வழித்துக் குப்பையில் போடுங்கள். எண்ணெயும் பருக்கையும் கிரே தொட்டிக்குள் போனால் மூன்றாம் நாள் வண்டியே நாறும்.

டீட்டனிலும் யெல்லோஸ்டோனிலும் கரடி விதி கடுமையானது. வாசனை வரும் எதையும், கழுவாத குழம்புச் சட்டியையும் ஐஸ் பெட்டியையும்கூட, வெளியே விட்டுவைக்கக் கூடாது. சாப்பிட்டு முடித்ததும் எல்லாம் வண்டிக்குள்.

பூங்காக்களில்

ஸயானில் முகாமில் வண்டியை நிறுத்திவிட்டால் மூன்று நாள் அதைத் தொட வேண்டாம். கோடையில் பள்ளத்தாக்குச் சாலைக்குள் தனியார் வண்டிகளே போக முடியாது, இலவசப் பேருந்து நடந்துபோகும் தூரத்தில் நிற்கும். ப்ரைஸிலும் பேருந்து உண்டு. சூரிய உதயத்துக்கு மட்டும் ஸ்வெட்டரோடு நடந்து போய்விடுங்கள். கேபிடல் ரீஃபின் ஃப்ரூட்டாவில் பழைய குடியேறிகள் நட்ட பழத்தோட்டங்கள் இருக்கின்றன. பழுத்த மரங்களில் நீங்களே பறித்துக்கொள்ளலாம், ஜூனில் செர்ரி கிடைத்தால் அதிர்ஷ்டம். கிளம்பும்போது ஹேங்க்ஸ்வில்லில் பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள்.

மோவாபில் இரண்டு நாளுக்கு ஒரு சின்னக் கார் வாடகைக்கு எடுங்கள். ஆர்ச்சஸும் கேன்யன்லேண்ட்ஸும் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பார்க்க வேண்டியவை, ஒவ்வொரு தடவையும் வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது.

யெல்லோஸ்டோனில் பேருந்து வசதி இல்லை. 1872-இல் உலகின் முதல் தேசியப் பூங்காவாக அறிவித்த இந்த இடத்தின் எட்டு வடிவச் சாலை மட்டும் 142 மைல். அதனால் ஒரு நாளைக்கு ஒரு மூலை என்று பிரித்துக்கொள்ளுங்கள். வானவில் நிறத்தில் ஆவி பறக்கும் கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்றுக்குக் காலை எட்டரைக்குள் போகாவிட்டால் ஆர்.வி. நிறுத்த இடம் இருக்காது. ஓல்ட் ஃபெயித்ஃபுல்லில் பெரிய நிறுத்தம் இருக்கிறது, அடுத்து எப்போது பீறிடும் என்று பார்வையாளர் மையத்தில் எழுதிப்போடுவார்கள், சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை. ஃபிஷிங் பிரிட்ஜுக்கு வடக்கே ஹேடன் பள்ளத்தாக்கில் அதிகாலையில் காட்டெருமைக் கூட்டம் சாலையை மறித்து நிற்கும். ஹாரன் அடிக்காமல் காத்திருங்கள். ஆர்.வி.யின் உயரமான ஜன்னலிலிருந்து அதைப் பார்ப்பது, காரில் இருப்பவர்களுக்குக் கிடைக்காத சுகம். எருமையிடமிருந்து 25 கஜம், கரடி, ஓநாயிடமிருந்து 100 கஜம் தள்ளி நிற்பது சட்டம். வெந்நீர் ஊற்றுகளில் மரப்பாதையை விட்டு இறங்கவே கூடாது, மேல் ஓடு மெல்லியது. சின்னக் குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

திருப்பிக் கொடுப்பது

மேற்கு வாசல் வழியாக வெளியேறி, ஐடஹோ ஃபால்ஸ், சால்ட் லேக் சிட்டி, செயின்ட் ஜார்ஜ் என்று 15-ஆம் எண் நெடுஞ்சாலையில் இரண்டு இரவுகள் தங்கி இறங்கலாம். பக்கவாட்டுக் காற்று பலமாக அடித்தால் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டாம், ஓய்விடத்தில் ஒரு காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

கடைசி முகாமிலேயே இரண்டு கழிவுத் தொட்டிகளையும் காலி செய்து, தரையைத் துடைத்து, ஃபிரிட்ஜைத் திறந்து பாருங்கள். பெட்ரோலும் புரொப்பேனும் வாங்கிய அளவுக்கு நிரப்ப வேண்டும். வேகஸில் புரொப்பேன் நிரப்பும் இடங்களில் ஆள் வந்துதான் நிரப்புவார், எட்டு மணிக்கு முன்னால் பல இடங்களில் இருக்க மாட்டார். காலை பத்து மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றால் முந்தைய நாளே நிரப்பிவிடுங்கள். கொடுக்கும்போதும் ஒரு வீடியோ எடுங்கள், மைல் மீட்டரும் புரொப்பேன் முள்ளும் அதில் தெரிய வேண்டும். மேல்படுக்கையின் மூலையில் ஒரு தடவை கைவிட்டுத் துழாவிப் பாருங்கள். எங்கள் வீட்டுக் கரண்டி ஒன்றும், அம்மாவின் மூக்குக்கண்ணாடியும் அங்கேதான் கிடைத்தன.